அச்சில் ஓடிய ரயில் – 9: பத்தாம் நாள் தீ

முன்கதைச் சுருக்கம்

1934 ஜனவரியில், அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தபோது, மில்வாக்கி நகரத்து இளைஞர் ஆல் கால்ம்பாக் 'மாடல் ரெயில்ரோடர்' மாத இதழைத் தொடங்கினார். மறுவருடம் தொழிலாளர் தின விடுமுறையில் அதே ஊரில் கூடிய ஆர்வலர்கள் தேசிய மாடல் ரயில் சங்கத்தை உருவாக்கினார்கள். யார் செய்த சக்கரமும் யார் போட்ட தண்டவாளத்திலும் ஓட வேண்டும் என்பதற்கான பொது அளவுகள் அங்கிருந்து பிறந்தன. போருக்குப் பிறகு, நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கான ஹெச்.ஓ. அளவு அமெரிக்க வீடுகளுக்குள் புகுந்தது. 1961-ல் லின் வெஸ்ட்காட் இதழின் ஆசிரியரானார். இனி...

* * *

1973 ஜனவரி 6, சனிக்கிழமை. கலிஃபோர்னியாவின் கடலோர ஊரான மான்டரேயில் ஜான் ஆலன் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது 59.

அவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு ரயில்பாதை இருந்தது. தரையில் தொடங்கி உச்சிவரை எழும்பிய மலைகள், பள்ளத்தாக்கைத் தாண்டும் பாலங்கள், கரி படிந்த இஞ்சின் கொட்டகை, குன்றின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் சிற்றூர்கள். அந்த அறைக்குள் கால்வைத்தவர்களைவிட, அதை இதழின் பக்கங்களில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள் பல மடங்கு அதிகம்.

பாதையின் பெயர் 'கோரி அண்ட் டிஃபீட்டட்'. எழுத்தில் பார்த்தால் இரண்டு ஊர்ப் பெயர்கள்போல இருக்கும். வாய்விட்டுச் சொன்னால் ரத்தக்களறியாகித் தோற்றுப்போனது என்று காதில் விழும். ஆலனுக்குப் பிடித்த வகை நகைச்சுவை அது. வாசகர்களுக்கு அது வெறும் 'ஜி அண்ட் டி'.

கட்டியவர் போய்விட்டால் அவர் கட்டிய ரயில்பாதை என்ன ஆகும்?

மாடல் ரயில் உலகில் இது எல்லோருடைய மனதிலும் இருக்கும் கேள்வி. யாரும் வாய்விட்டுப் பேச விரும்புவதில்லை. பெரிய லேஅவுட் என்பது வீட்டோடு சேர்த்துக் கட்டப்படுவது. சுவரை ஒட்டி எழுப்பிய மலையைப் பெயர்த்தெடுத்து இன்னொரு வீட்டில் நிறுத்த முடியாது. பிரித்தால் மிஞ்சுவது உடைந்த பிளாஸ்டரும் மரச்சட்டங்களும் சில பெட்டி நிறைய ரயில்களும்தான்.

ஜி அண்ட் டி விஷயத்தில் அந்தக் கேள்விக்குப் பத்தே நாளில் பதில் வந்தது. அந்தப் பத்தாம் நாளுக்குப் போகுமுன், போனது எது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

* * *

புகைப்படக்காரரின் மலை

ஜான் ஆலன் 1913-ல் மிசூரி மாநிலத்து ஜாப்ளின் நகரில் பிறந்தவர். தொழிலால் புகைப்படக்காரர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மான்டரேயில் குடியேறினார்.

முதல் ஜி அண்ட் டி மிகச் சிறியது. 3 அடி 7 அங்குல அகலம், 6 அடி 8 அங்குல நீளம். ஒருவர் படுக்கும் கட்டில் அளவுக்கு ஒரு பலகை. பிறகு அதை விரித்தார். 1950களில் புது வீட்டுக் கீழ்த்தளத்தில் மூன்றாவது, கடைசி, மாபெரும் வடிவத்தைத் தொடங்கினார். அந்த முதல் பலகையை அவர் தூக்கி எறியவில்லை. வளர்ந்துகொண்டே போன ரயில்பாதைக்குள் அதையும் ஓர் ஊராகச் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது வடிவத்துக்குள் நுழைபவர், மேசைமேல் வைத்த ரயிலைக் குனிந்து பார்க்கும் ஆளாக இருக்க முடியாது. மலை அவருடைய தலைக்குமேல் இருந்தது. பள்ளத்தாக்கின் அடி அவருடைய கால் பக்கத்தில் இருந்தது. நடைவழி இரண்டுக்கும் நடுவே வளைந்து போயிற்று. பார்வையாளர் அந்த நிலப்பரப்புக்கு உள்ளேயே நின்றார்.

அறை போதாத இடத்தில் நிலைக்கண்ணாடிகளை ஒளித்துவைத்து நிலப்பரப்பை இரட்டிப்பாக்கினார். தொலைவைக் காட்ட, பின்னால் போகப் போக வீடுகளையும் மரங்களையும் சிறிதாக்கினார். கண் ஏமாந்தது, மலைத்தொடர் மைல் கணக்கில் நீண்டது.

ஆனால் இந்தத் தந்திரங்கள் மான்டரேயின் ஒரு வீட்டோடு நின்றிருந்தால் அமெரிக்காவின் பொழுதுபோக்கு ஒன்று திசை மாறியிருக்காது. திசையை மாற்றியது ஆலனின் கேமரா.

அந்தக் காலத்து மாடல் ரயில் படங்கள் பெரும்பாலும் மேலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரு மனிதர் எழுந்து நின்றால் தெரியும் காட்சி: பளபளக்கும் இஞ்சின், சுற்றிலும் தண்டவாளம், பின்னால் வீட்டுச் சுவர். ஆலன் கேமராவைத் தண்டவாளத்தின் ஓரத்துக்கே இறக்கினார். முக்கால் அங்குலத்தைவிடச் சற்று உயரமான ஒரு பொம்மை மனிதன் அங்கே நின்றால் என்ன பார்ப்பானோ, அதைப் படம் எடுத்தார்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. இவ்வளவு நெருக்கத்தில் கேமராவை வைத்தால், முன்னால் இருக்கும் சக்கரம் தெளிவாக விழும். பின்னால் இருக்கும் பாலம் கலங்கிப்போகும். பார்த்த கணமே இது பொம்மை என்று காட்டிக்கொடுப்பது அந்தக் கலங்கல்தான். ஆலன் லென்ஸின் துளையை மிகச் சிறிதாகச் சுருக்கினார். துளை சுருங்கினால் உள்ளே வரும் ஒளி குறையும். அதை ஈடுகட்ட நீண்ட நேரம் படச்சுருளை ஒளிக்குத் திறந்துவைத்தார். முன்னிருந்த சக்கரமும் பின்னிருந்த மலையும் ஒரே கூர்மையோடு பதிந்தன.

அந்தப் படங்கள் மில்வாக்கிக்கு வந்தன. இதழில் அச்சேறின. ஹெச்.ஓ. இஞ்சின்கள் தயாரித்த வார்னி நிறுவனம் தன் விளம்பரங்களுக்கும் ஆலனின் படங்களைப் பயன்படுத்தியது. கட்டுரைப் பக்கத்தைப் புரட்டினாலும் ஜி அண்ட் டி, விளம்பரப் பக்கத்தைப் புரட்டினாலும் ஜி அண்ட் டி.

* * *

அழுக்குக்கு ஒரு மரியாதை

ஜி அண்ட் டி வாசகர்களின் கண்ணைப் பழக்கிய விதங்களில் முதன்மையானது, அழுக்கு.

அதுவரை ஒரு மாடல்காரரின் பெருமை பெயின்ட்டின் பளபளப்பில் இருந்தது. மாதக்கணக்கில் உழைத்துச் செய்த இஞ்சினைக் கடையில் வாங்கியதுபோலத் துடைத்துவைப்பார்கள். ஆனால் நீராவிக் காலத்து நிஜ ரயில் அப்படி இருந்ததில்லை. கரி, எண்ணெய், துரு, சுண்ணாம்புப் படிவு, வெயிலில் வெளுத்த மரப்பெட்டி: உழைக்கும் ரயிலின் நிறங்கள் இவை.

ஆலன் தன் வண்டிகளை வேண்டுமென்றே அழுக்காக்கினார். கூரைகளில் கரி படியவைத்தார். இரும்பில் துரு ஏற்றினார். கட்டடங்களின் பலகையைப் பெயர்ந்து தொங்கவிட்டார். ஒரு பெட்டி எத்தனை வருடம் எந்த வேலை பார்த்திருக்கும் என்று யோசித்து, அந்த வயதையும் வேலையையும் அதன்மேல் எழுதினார்.

தன் கையால் செய்த அழகான பொருளின்மீது தானே கறை பூசுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை ஆயிரக்கணக்கான வாசகர்களுக்கு அந்தப் படங்கள் கொடுத்தன. இன்று எந்த நாட்டு மாடல் ரயில்காரரும் இயல்பாகச் செய்யும் வேலை அது. அதைப் பரவலாக்கிய முன்னோடிகளில் ஆலனின் பெயர் முதல் வரிசையில் வரும்.

இத்தனை உண்மைத்தன்மைக்கு நடுவே அவர் எம்மாவையும் வைத்திருந்தார். எம்மா ஒரு ஸ்டெகோசாரஸ். முதுகில் தகடுகள் கொண்ட அந்த டைனோசர், யார்டில் பெட்டிகளை இழுக்கும் ஷண்டிங் இஞ்சினின் வேலையைப் பார்த்தது. வாசகர்கள் எம்மாவையும் ஏற்றுக்கொண்டார்கள். சுற்றியிருந்த உலகம் அவ்வளவு முழுமையாக இருந்ததால், அதற்குள் ஒரு டைனோசருக்கும் இடம் கிடைத்தது.

* * *

கனவும் செய்முறையும்

மான்டரேயிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் தொலைவில், மில்வாக்கியின் வடக்கு ஏழாம் தெருவில் இருந்த கால்ம்பாக் அலுவலகத்தில் லின் வெஸ்ட்காட் உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தொடரில் அவரை முன்பே சந்தித்திருக்கிறோம். இதழின் தொடக்க வருடங்களிலேயே அதனோடு சேர்ந்தவர். 1956-ல் '101 டிராக் பிளான்ஸ்' என்ற நூலில் தண்டவாள வரைபடங்களைத் தொகுத்தவர். 1961-ல் ஆசிரியரான பிறகும் அவர் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்துகொண்டே இருந்தது.

ஆலனின் படத்தைப் பார்த்த வாசகருக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒன்றாக எழும். ஒன்று, இதுபோல நானும் கட்ட வேண்டும். மற்றொன்று, என்னால் இது முடியவே முடியாது. இரண்டாவது உணர்ச்சி வென்றுவிட்டால் வாசகர் இதழை மூடிவைத்துவிட்டு வேறு பொழுதுபோக்கைத் தேடிப் போய்விடுவார். அந்த இடத்தில்தான் வெஸ்ட்காட் தன் ஆசிரியப் பணியைச் செய்தார்.

மேசை அமைப்பதிலிருந்து தொடங்கினார். ரயில்பாதைக்கு அடித்தளமாகக் கட்டமான மரச்சட்டம் அடிப்பதுதான் வழக்கம். மூலைகள் சரியாகப் பொருந்த வேண்டும். தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டும். தண்டவாளம் வளைய வேண்டிய இடத்தில் சட்டம் குறுக்கே வந்தால் அறுத்தெறிய வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் வெஸ்ட்காட் 'எல்-கர்டர்' முறையை இதழில் அறிமுகப்படுத்தினார். இரண்டு பலகைகளை ஆங்கில எல் வடிவில் ஒட்டி நீளமான உத்தரமாக்குவது. அதன்மேல் குறுக்குச் சட்டங்களை எங்கே தேவையோ அங்கே வைப்பது. திருகாணிகளை அடியிலிருந்து முடுக்குவது. மேலே மலையும் ஊரும் கட்டிய பிறகும், அடியில் புகுந்து திருகாணியைக் கழற்றிச் சட்டத்தை நகர்த்திக்கொள்ளலாம். துல்லியமாக அறுக்கத் தெரியாதவரும் உறுதியான மேசை அமைக்கலாம்.

அடுத்து மலை. கம்பி வலைமேல் பிளாஸ்டர் பூசும் பழைய முறை கனமானது, கையைக் கிழிப்பது. வெஸ்ட்காட் எழுதிய முறையில், கசக்கிய செய்தித்தாளை மலைபோலக் குவித்து, கெட்டியான ஒரு வகைப் பிளாஸ்டரில் நனைத்த காகிதத் துண்டுகளை அதன்மேல் விரித்தால் போதும். காய்ந்ததும் உள்ளேயிருக்கும் செய்தித்தாளை உருவிவிடலாம். மெல்லிய, உறுதியான மலை நிற்கும். ஈரமான பரப்பின்மேல் வண்ணப் பொடி கலந்த உலர் பிளாஸ்டரைச் சலித்துத் தூவினால் மண்ணும் பாறையும் நிறம் பெறும்.

மூன்றாவது மின்சாரம். பழைய கன்ட்ரோலரில் ரயில் உதறிக்கொண்டு கிளம்பும். டிரான்சிஸ்டரை வைத்து, ரயில் நிஜ ரயில்போல மெல்ல நகரத் தொடங்கும் கன்ட்ரோலரை அவர் வடிவமைத்தார். அதன் வரைபடத்தையும் வாசகர்களுக்குக் கொடுத்தார். எலக்ட்ரானிக்ஸ் கடையில் பாகங்களை வாங்கி அவர்களே சூட்டுக்கோலால் பற்றவைத்துக்கொண்டார்கள்.

இந்தத் தொடரின் மையமே இந்த வருடங்கள்தான் என்று நான் நம்புகிறேன். ஒரு பொழுதுபோக்கு இதழ் உயிரோடிருக்க இரண்டு தேவை. எட்ட முடியாததாகத் தோன்றும் ஒரு கனவு. அதை நோக்கி இந்த ஞாயிற்றுக்கிழமையே ஓர் அடி வைக்க உதவும் செய்முறை. கனவு மட்டும் இருந்தால் வாசகர் பார்வையாளராகவே தங்கிவிடுவார். செய்முறை மட்டும் இருந்தால் எதற்காகச் செய்கிறோம் என்பது மறந்துபோகும். 1960களின் 'மாடல் ரெயில்ரோடர்' இதழில் முதலாவதை மான்டரே கொடுத்தது. இரண்டாவதை மில்வாக்கி கொடுத்தது.

* * *

ஐந்து பாயிண்ட்களின் புதிர்

ஜி அண்ட் டி வெறும் காட்சிப்பொருளாக இருந்ததில்லை. குறித்த நேரங்களில் நண்பர்கள் கூடினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. கால அட்டவணைப்படி ரயில்கள் கிளம்பின, எதிர்ரயிலுக்காகக் காத்திருந்தன, சரக்கை இறக்கின.

இந்த எண்ணத்துக்கு இதழிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1944-ல் ஃபிராங்க் எலிசன் எழுதிய 'மாடல் ரெயில்ரோடிங் என்ற கலை' என்ற தொடர், ரயில்பாதையை ஒரு நாடக மேடையாகப் பார்க்கச் சொன்னது. மலையும் ஊரும் அரங்க அமைப்பு. ரயில்கள் நடிகர்கள். கால அட்டவணையே கதை. சுற்றிச் சுற்றி ஓடும் ரயில் சீக்கிரம் சலித்துவிடும். ஒரு வேலையை முடிக்கப் புறப்படும் ரயில் சலிக்காது. ஜி அண்ட் டி அந்த எண்ணத்தின் பெரிய அரங்கேற்றம்.

1972 நவம்பர் இதழில் ஆலனின் 'டைம்சேவர்' வெளிவந்தது.

பெரிய அறை வேண்டாம், மலை வேண்டாம். ஒரு நீளப் பலகை, தண்டவாளம் பிரியும் ஐந்து பாயிண்ட்கள், சில சிறு கிளைப் பாதைகள், ஓர் இஞ்சின், கைவிரலில் எண்ணக்கூடிய பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியையும் அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். இடமோ நெருக்கடி. ஒன்றை நகர்த்த இரண்டை விலக்க வேண்டும். விலக்கியவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி.

உலகத்தின் மிகப் புகழ்பெற்ற வீட்டு ரயில்பாதையைக் கட்டியவர், ஒரு பலகைக்குள் அடங்கும் விளையாட்டை எல்லோருக்கும் கொடுத்தார். இன்றும் பல நாடுகளில் அந்தப் பலகையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். கணினியிலும் அது ஒரு புதிராகப் புகுந்துவிட்டது.

அந்த இதழ் வாசகர்கள் கையில் கிடைத்து இரண்டு மாதங்கள் ஆகியிருக்கும். ஆலன் இறந்துபோனார்.

* * *

பத்தாம் நாள்

இழவு வீட்டில் அடுத்த நாள் எழும் கேள்வி, எஞ்சியிருப்பதை என்ன செய்வது என்பது. நண்பர்கள் குழுவும் அதற்கு விலக்கல்ல. பல வருடங்களாகத் தாங்கள் ரயில் ஓட்டிய அறை அது. ஒவ்வொரு பாயிண்ட்டும் ஒவ்வொரு சரிவும் அவர்கள் கைக்குத் தெரியும்.

அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் கண்டுபிடிப்பதற்கு முன்பே தீ முந்திக்கொண்டது.

ஆலன் இறந்து பத்தாவது நாள் அந்த வீட்டில் தீப்பிடித்தது. விபத்துதான், யாருடைய சதியும் இல்லை. ஆனால் அந்தக் கீழ்த்தளத்தில் என்னென்ன இருந்தன என்பதை நினைத்துப்பாருங்கள். வருடக்கணக்கில் காய்ந்த மரச்சட்டங்கள். அட்டை. பிளாஸ்டிக். மெல்லிய குச்சிகளால் கட்டிய பாலங்கள். பெயின்ட் பூசிய நூற்றுக்கணக்கான மரப்பெட்டிகள்.

வீடு உள்ளே எரிந்து கூடானது. ரயில்பாதையின் பெரும்பகுதி போய்விட்டது. மலைகள் போயின. பாலங்கள் போயின. கட்டில் அளவுப் பலகையாகத் தொடங்கி, ஒவ்வொரு வளர்ச்சியிலும் காப்பாற்றப்பட்டு வந்த அந்த முதல் ஜி அண்ட் டி-யும் அந்த அறையில்தான் இருந்தது.

ஏறக்குறைய கால் நூற்றாண்டு உழைப்பு. உடல் அடங்கிய பத்து நாளுக்குள் உழைப்பும் அடங்கிவிட்டது.

* * *

எரியாமல் நின்றது

மில்வாக்கியில் அந்தச் செய்தி எப்படி விழுந்திருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, ஓர் இதழுக்கும் அதன் எழுத்தாளருக்கும் இருந்த கடனை நினைக்க வேண்டும். ஆலனின் ரயில்பாதை இதழுக்குக் கனவைக் கொடுத்தது. இதழ் அதற்கு வாசகர்களைக் கொடுத்தது. இப்போது அந்த ரயில்பாதை எங்கேயாவது இருக்கிறதென்றால், அது அச்சிட்ட பக்கங்களிலும் புகைப்படங்களிலும் ஓட்டியவர்களின் நினைவிலும் மட்டும்தான்.

பழைய இதழ்களை அடுக்கிவைத்திருந்த வாசகர்கள் இருந்தார்கள். அவர்கள் ரயில் ஆசையில் சேர்த்துவைத்த தாள்கள், 1973 ஜனவரிக்குப் பிறகு ஆவணங்களாகிவிட்டன.

ஆனால் சிதறிக்கிடக்கும் ஆவணம் எளிதில் தொலையும். ஒரு மாதம் ஒரு பாலம், இன்னொரு வருடம் ஒரு கொட்டகை, வேறொரு மாதம் ஒரு விளம்பரப் படம் என்று ஜி அண்ட் டி நூற்றுக்கணக்கான பக்கங்களில் துண்டு துண்டாகக் கிடந்தது. எந்தப் பாலம் எந்த ஊருக்கு அருகில்? எந்தச் சுரங்கத்தில் நுழையும் ரயில் எங்கே வெளியே வரும்? அந்த அறையை அறிந்தவர்கள் இருக்கும்போதே யாராவது கேட்டு எழுதிவைக்காவிட்டால், அழகான படங்கள் மிஞ்சும், ரயில்பாதை மிஞ்சாது.

அந்த வேலையை வெஸ்ட்காட் தானே எடுத்துக்கொண்டார்.

அவர் ஆலனை நேரில் அறிந்தவர். எல்-கர்டர் முறையை வகுத்த அதே மூளையோடு ஜி அண்ட் டி-யை அணுகினார். எப்படி இருந்தது என்பதோடு, எப்படிக் கட்டப்பட்டது, எப்படி ஓடியது, ஏன் அப்படி ஓடியது என்பதையும் எழுதப் புறப்பட்டார். படங்களைத் திரட்டினார். தண்டவாள அமைப்பை வரைபடமாக்கினார்.

1977-ல் ஆசிரியர் பொறுப்பு அவர் கையை விட்டுப் போனது. பதினாறு வருடம் நடத்திய இதழை ரஸ் லார்சன் ஏற்றுக்கொண்டார். நூல் வேலை தொடர்ந்தது.

1980-ல் லின் வெஸ்ட்காட் இறந்தார். நூல் அப்போது வெளிவந்திருக்கவில்லை.

மறுவருடம், 1981-ல், கால்ம்பாக் நிறுவனம் 'மாடல் ரெயில்ரோடிங் வித் ஜான் ஆலன்' என்ற தலைப்பில் அதை வெளியிட்டது. ரயில்பாதையைக் கட்டியவரும் இல்லை. நூலை எழுதியவரும் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் ஒரு நாளும் போகாத தலைமுறை, அந்த நூலைத் திறந்து ஜி அண்ட் டி-யின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணால் பயணம் செய்யத் தொடங்கியது.

அதே 1981-ல் ஆல் கால்ம்பாக்கும் காலமானார். பெருமந்தக் காலத்தில் இந்த இதழைத் தொடங்கியவர், தன் இதழ் செய்யக்கூடிய மிகப் பெரிய பணி எது என்று காட்டும் நூல் வெளிவந்த அதே வருடத்தில் விடைபெற்றார். அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் நிறுவனரும், மிக நீண்ட காலம் அதைச் செதுக்கிய ஆசிரியர்களில் ஒருவரும் போய்விட்டார்கள்.

தீ ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. கட்டுவது பாதி வேலை. கட்டியதை எழுதுவதும் படமெடுப்பதும் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் மீதிப் பாதி. இந்தத் தொடரை நான் எழுத முடிகிறதென்றால், அந்த மீதிப் பாதியை ஒருவர் செய்துவைத்ததால்தான்.

* * *

நியூஜெர்சியிலிருந்து ஒரு சவால்

இங்கே கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை.

ஆலனின் மலைகள் வாசகர்களின் மனதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தன. ஆயிரக்கணக்கான வீடுகளில் தலைசுற்றும் உயரத்துப் பாலங்களும், விளிம்பில் தொங்கும் ஊர்களும், குறும்பான பெயர்களும் முளைத்தன. அதைப் பார்த்த ஒரு புதிய தலைமுறை வேறொரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியது: நிஜ ரயில்வே எதுவும் இப்படி இருக்கிறதா?

அந்தக் கேள்விக்கு மேடை கொடுத்தது மில்வாக்கி இதழ் அல்ல. அதன் பழைய போட்டியாளர், நியூஜெர்சியிலிருந்து வந்த 'ரெயில்ரோட் மாடல் கிராஃப்ட்ஸ்மேன்'. அதன் ஆசிரியர் டோனி கோஸ்டர். 1970களின் பின்பாதியில் அதன் பக்கங்களில் ஒரு தொடர் வந்தது. ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஆலன் மெக்லெலண்ட் கட்டிய 'வர்ஜீனியன் அண்ட் ஒஹையோ' என்ற கற்பனை ரயில்வேயின் கதை அது.

அங்கே டைனோசர் இல்லை. தரையைத் தொடும் பள்ளத்தாக்கும் இல்லை. அப்பலேச்சிய மலைகளில் நிலக்கரி சுமக்கும் ஒரு ரயில்வே, நிஜமாகவே இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே கட்டப்பட்டிருந்தது. அதன் ரயில்கள், கண்ணுக்குத் தெரியாத ஊர்களிலிருந்து வந்து, கண்ணுக்குத் தெரியாத ஊர்களுக்குப் போயின. ரயில்பாதை அறைச் சுவரோடு முடிவதில்லை, அதற்கு அப்பாலும் ஒரு நாடு இருக்கிறது என்றார் மெக்லெலண்ட்.

ஜான் ஆலன் நம்பவைத்தது ஓர் அதிசய உலகத்தை. மெக்லெலண்ட் நம்பவைத்தது ஓர் அன்றாட உலகத்தை. வாசகர்கள் இரண்டாவதன் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள்.

நிறுவனர் இல்லை. வெஸ்ட்காட் இல்லை. கனவு கொடுத்த மலை சாம்பலாகிவிட்டது. புதிய கனவோ போட்டி இதழின் பக்கங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மில்வாக்கியின் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரஸ் லார்சன், ஆலனின் பாதையிலேயே இதழைத் தொடர்ந்து நடத்துவாரா, அல்லது போட்டியாளரின் கேள்வியைத் தன் இதழின் கேள்வியாக ஏற்றுக்கொள்வாரா?

(அடுத்த வாரம் தொடரும்)